எல்லாருக்கும் முடிஞ்சுது

வகுப்பில் அவளுக்குத் தபால் என்று பெயர். மேடம் சொல்வதை மாணவர்களிடமும், மாணவர்கள் சொல்வதை மேடத்திடமும் கொண்டுபோய்ச் சேர்க்கும் வகுப்புப் பிரதிநிதி அவள். கல்லூரி திறந்த அன்று எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்த ஒரே குற்றத்துக்காக அந்தப் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது.

பார்க்கப் போனால் பெரிய வேலை இல்லை. கட்டட அமைப்புப் பாடத்தில் வாராவாரம் ஒரு பயிற்சித் தாள் வரும். ஓர் உத்தரம் எவ்வளவு சுமை தாங்கும், எந்த இடத்தில் வளையும், எப்போது முறியும் என்று கணக்குப் போட வேண்டும். வாராவாரம் திருத்த மேடத்துக்கு நேரம் கிடையாது. பருவத்தின் நடுவில் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கித் திருத்துவார். அதுவரை தபால் சொல்வதுதான் சாட்சி. வகுப்பின் கைப்பேசிக் குழுவில் அவள், "தாள் முடிஞ்சுதா?" என்று கேட்பாள். வருகிற பதிலை மேடத்திடம் போய்ச் சொல்வாள். அவ்வளவுதான்.

பதில் ஒவ்வொரு வாரமும் ஒரே மாதிரிதான் வந்தது.

"முடிஞ்சுது."

"முடிஞ்சுது."

"எனக்கும் முடிஞ்சுது."

தபாலுக்கு மட்டும் முடியவில்லை.

முதல் தாளை முடித்தாள். இரண்டாவதையும் எப்படியோ தள்ளிவிட்டாள். மூன்றாவதில் பாதியில் நின்றாள். அந்தப் பாதி முடிவதற்குள் நான்காவது வந்தது. அதற்குப் பிறகு வந்த தாள்கள் எல்லாம் அக்கா வீட்டு அலமாரியில் துவைக்காத துணி மாதிரி குவிந்து கிடந்தன.

யாரிடமாவது கேட்டிருக்கலாம்தான். ஆனால் அந்தக் கல்லூரியில் அப்படியெல்லாம் கேட்டுவிட முடியாது. அங்கே வந்து சேர்ந்த ஒவ்வொருவரும் அவரவர் பள்ளிக்கூடத்தில் முதல் ஆளாக நின்றவர்கள். "எனக்குப் புரியல" என்ற வாக்கியம் அவர்கள் யாருக்கும் பழக்கமே இல்லை. மேடம் ஒவ்வொரு கணக்கையும் கரும்பலகையில் போட்டு முடித்து, "சந்தேகம் இருக்கா?" என்று கேட்பார். வகுப்பு கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும். "சரி, அடுத்தது" என்பார். அதனால் அவருக்கு அடுத்தது மேடம் என்று பெயர்.

மற்றவர்கள் எல்லோரும் விடுதிவாசிகள். மாலையில் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகப் புலம்பி, ஒன்றாகத் தூங்குகிறவர்கள். தபால் மட்டும் அக்கா வீட்டில் தங்கிப் படித்தாள். கடைசி மணி அடித்ததும் மேடத்தைப் பார்க்க ஓடுவாள். அங்கிருந்து பேருந்தைப் பிடிக்க ஓடுவாள். விடுதிப் பேச்சு எதுவும் அவள் காதில் விழ வழியில்லை. குழுவில் வருகிற எழுத்துதான் அவளுக்கு வகுப்பு.

"எல்லாருக்கும் முடிஞ்சுதாம் மேடம்" என்று அந்த வாரமும் சொன்னாள்.

அடுத்தது மேடம் கையிலிருந்த பேனாவை மேசைமேல் வைத்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"அதுவும் முடிஞ்சுதா? அது மேல் வகுப்புக்குக் குடுக்கற தாள்மா."

"முடிஞ்சுதுன்னுதான் சொல்றாங்க மேடம்."

"உனக்கு?"

"எனக்கும்... கொஞ்சம்தான் பாக்கி."

"கெட்டிக்காரப் பசங்கதான். நான் ஒத்துக்கறேன்" என்றார் மேடம். குரலில் பாராட்டைவிடப் புண்பட்டது அதிகமாகத் தெரிந்தது. "ஆனா அதுக்காக இவ்வளவு திமிர் ஆகாது. வராந்தாவுல எதிர்ல வந்தா ஒருத்தன் முகத்தைப் பாக்கறதில்ல. வணக்கம்னு நானே சொன்னாலும் வேற பக்கம் திரும்பிக்கறான். பாடம் நடத்தும்போது எல்லாரும் என்னமோ நான் அவங்க சொத்தை எழுதி வாங்கிட்ட மாதிரி முறைக்கறாங்க. எல்லாம் தெரிஞ்சவங்களுக்கு வாத்தியார் எதுக்குங்கற எண்ணம். இருக்கட்டும். இந்தா, அடுத்தது."

இன்னொரு தாள். இருபுறமும் அச்சடித்தது.

பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மற்ற நாளாக இருந்தால் அவள் வெளியே கடைகளையும் ஆட்களையும் பார்க்க மாட்டாள். மேம்பாலத்தின் அடிவயிற்றைத்தான் பார்ப்பாள். எந்தத் தூண் எதைத் தாங்குகிறது, மேலே லாரி போகும்போது ஏன் கீழே வந்து விழவில்லை என்று பார்த்துக்கொண்டே வருவாள். சின்ன வயதிலிருந்தே அந்தப் பைத்தியம். கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் மாப்பிள்ளையைப் பார்க்காமல் கூரையைப் பார்க்கிறாள் என்று அக்கா கேலி செய்வாள். அந்தப் பைத்தியம்தான் அவளை இந்தக் கல்லூரிவரை கொண்டுவந்தது.

அன்று மேம்பாலம் வந்தபோது தலையைக் குனிந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமைவரை துறை மாற்றிக்கொள்ளலாம் என்று அலுவலகப் பலகையில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதற்கு மேல் கிடையாது. காலையில் அலுவலகத்தில் அதைப் பற்றி விசாரித்தும் வைத்திருந்தாள். நாளைதான் வெள்ளிக்கிழமை. கணக்கே இல்லாத ஏதாவது ஒரு துறைக்குப் போய்விடுவது என்று மேம்பாலத்தைத் தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டாள். ஒரு வகுப்பே ஊதித் தள்ளுகிற கணக்கில் தான் மட்டும் முழி பிதுங்கி நிற்கிறோம் என்றால், தன் மண்டைக்கும் இந்தப் படிப்புக்கும் ஒத்து வரவில்லை என்றுதானே அர்த்தம்?

வீட்டுக்கு வந்து, தாளைப் படம் பிடித்துக் குழுவில் போட்டாள். 'அடுத்த தாள்' என்று மட்டும் எழுதினாள். கைப்பேசியைக் கட்டிலில் போட்டுவிட்டு முகம் கழுவப் போனாள்.

முகத்தில் தண்ணீர் பட்டதுதான் தாமதம். கைப்பேசி டொக் டொக் என்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது.

ஈரக் கையோடு வந்து எடுத்துப் பார்த்தாள்.

"முடிஞ்சுது."

"முடிஞ்சுதுடா."

"மொத்தமா முடிஞ்சுது."

"இன்னியோட முடிஞ்சுது."

அவள் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள். படத்தைத் திறந்து படிக்கக்கூட இவர்களுக்கு நேரம் ஆகியிருக்காது. அதற்குள் முடித்துவிட்டார்களா? வகுப்பே தூங்குமூஞ்சி என்று கூப்பிடுகிற அந்தக் கடைசி பெஞ்சுக்காரனும் முடித்துவிட்டானா?

அழுகை வந்துவிட்டது. சத்தம் போட்டே அழுதாள்.

அக்கா மருத்துவமனையில் செவிலி. அப்போதுதான் பகல் வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தாள்.

"என்னடி? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலக்கா. எனக்குத்தான் மூளை இல்ல. நான் வேற துறைக்குப் போறேன். நாளைக்கே போறேன். அப்பாகிட்ட நீயே சொல்லிடு."

"மூளை இல்லன்னு எந்த டாக்டர் சொன்னான்? நான் கேக்கறேன் அவனை."

"வெளையாடாதக்கா. இங்க பாரு." கைப்பேசியை நீட்டினாள். "இப்பதான் தாளைப் போட்டேன். மூஞ்சி கழுவறதுக்குள்ள அத்தனை பேரும் முடிச்சுட்டாங்க. நான் மூணாவது தாள்லயே நிக்கறேன். பாரு, நீயே படிச்சுப் பாரு!"

அக்கா கைப்பேசியை வாங்கினாள். காலையிலிருந்து நின்ற கால் வலி, பேருந்து நெரிசல் எல்லாம் சேர்ந்த குரலில் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள்.

"முடிஞ்சுது..." என்று ஒரு பெருமூச்சு. "முடிஞ்சுதுடா... மொத்தமா முடிஞ்சுது..."

படித்துக்கொண்டே போனவள் சட்டென்று நிறுத்தினாள். தங்கையைப் பார்த்தாள். மறுபடி கைப்பேசியைப் பார்த்தாள்.

கூடத்தில் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்த அத்தான் எட்டிப் பார்த்தார். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். "என்ன, அக்காளும் தங்கச்சியும் ஒப்பாரி வைக்கறீங்க? எவன் கதை முடிஞ்சுது?"

தபாலுக்கு அழுகை நின்றுபோனது.

"அக்கா, இன்னொரு தடவை படி."

"எதுக்குடி?"

"படியேன்!"

"மொத்தமா முடிஞ்சுது" என்று அக்கா படித்தாள். இந்தத் தடவை நெற்றியில் கை வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே இழுத்துப் படித்தாள். படித்து முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. "அடி மக்கு! அவங்க கணக்கு முடிஞ்சுதுன்னு சொல்லலடி. அவங்களே முடிஞ்சாங்களாம்!"

தபால் கைப்பேசியைப் பிடுங்கினாள். பழைய வாரங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். முதல் வாரத்து 'முடிஞ்சுது' நேர்மையான 'முடிஞ்சுது'தான். முதல் தாள் சுலபம். எல்லோரும் உண்மையாகவே முடித்திருந்தார்கள். இரண்டாவது வாரத்தில் பாதிப் பேர் அப்படி, பாதிப் பேர் இப்படி. மூன்றாவதைத் தாண்ட முடியாமல் வகுப்பு மொத்தமும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. எழுத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. பெருமூச்சை எழுத்தில் போட முடியுமா? அவள் 'முடிஞ்சுதா?' என்று கேட்டதற்கு அவர்கள் 'முடிஞ்சுது' என்றார்கள். பொருத்தமாக இருந்தது, நம்பிவிட்டாள்.

"நம்ம லிஃப்ட்ல ஒரு ஆள் அதிகமா ஏறினாலே அது கீச்சுகீச்சுன்னு கத்தும்" என்றார் அத்தான். "உங்க கிளாஸ்ல எவனும் வாயைத் தெறக்கல போல."

"தெறந்தாங்க அத்தான்" என்றாள் தபால். "கத்தியிருக்காங்க. வாராவாரம். நான்தான் அதை மாத்திக் கொண்டுபோய்க் குடுத்துட்டேன்."

தான் மட்டும் மக்கு இல்லை என்ற நிம்மதி நெஞ்சில் வந்து சரியாக உட்காரக்கூட இல்லை. அதை இடித்துத் தள்ளிக்கொண்டு அடுத்த பயம் வந்தது. ஒரு வகுப்பையே மூச்சுத்திணற வைத்தது மேடமில்லை. இவள். நாளை யார் முகத்தில் விழிப்பது?

"இப்பவாச்சும் துறை மாறாம இருப்பியா?" என்றாள் அக்கா.

"இப்பதான்க்கா நெஜமாவே மாறணும் போல இருக்கு. கண்டம் விட்டுக் கண்டம் மாறணும்."

மறுநாள் முதல் மணிக்கு முன்னால் வகுப்பில் எல்லோரையும் உட்காரச் சொன்னாள்.

"ஒண்ணு கேக்கணும். தாள் எல்லாம்... யாருக்காவது முடிஞ்சுதா? அதாவது, உக்காந்து கணக்குப் போட்டு, விடை வந்து, அந்த மாதிரி முடிஞ்சுதா?"

வகுப்பு அவளை ஒரு மாதிரி பார்த்தது.

பட்டாசு என்று பெயர் வாங்கியிருந்த பெண்தான் முதலில் வெடித்தாள். "காலங்காத்தால வெறுப்பேத்தாத தபால். மூணாவது தாளுக்கு மேல இங்க எவ போட்டிருக்கா? நாங்க கதறினதை வாராவாரம் நீதானே மேடத்துகிட்ட போய்ச் சொன்னே. அதைக் கேட்டும் அந்த அம்மா மேல மேல ஏத்தறாங்கன்னா, அது நெஞ்சா கருங்கல்லா?"

"அவங்க கண்ணுல பட்டாலே நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்குவேன்" என்றான் ஒருவன்.

"அது வந்து..." என்றாள் தபால். "நான் மேடத்துகிட்ட என்ன சொன்னேன்னா..."

சொன்னாள். தரையைப் பார்த்துக்கொண்டே கடைசிவரை சொல்லிவிட்டாள்.

"அடிப்பாவி!" என்றாள் பட்டாசு. எழுந்து நின்றுவிட்டாள். "கணக்கு முடிஞ்சுதுன்னா போய்ச் சொன்னே?"

"நீங்க அப்படித்தானே எழுதினீங்க!"

"நாங்க அப்படி எழுதினா, அதை அப்படியேவா படிப்பே?"

கடைசி பெஞ்சிலிருந்து ஏதோ குலுங்குகிற சத்தம். தூங்குமூஞ்சிதான். மேசையில் கவிழ்ந்து படுத்தபடியே தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான். "அப்போ... அப்போ மேடம் நம்மள மேதைங்கன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்களா? என்னையுமா?" என்று மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டான். "எங்கம்மாகூட நெனச்சதில்லையேடா!"

அந்தச் சிரிப்பு பெஞ்சு பெஞ்சாகப் பரவி முன்னால் வந்தது. பட்டாசு மட்டும் கொஞ்ச நேரம் கோபத்தைப் பிடித்து வைத்திருக்கப் பார்த்தாள். பிறகு அவளுக்கும் தாங்கவில்லை. "சரி, தபால் கிழிஞ்சுது. இப்ப யார் போய்ச் சொல்றது?" என்றாள்.

"நான்தான்" என்றாள் தபால்.

"தனியா போனா இன்னொண்ணை மாத்திச் சொல்லிட்டு வருவே. நாங்களும் வரோம்."

மேடத்தின் அறை வாசல்வரை எல்லோரும் வந்தார்கள். வாசல் வந்ததும் தைரியம் எல்லாம் காற்றில் பறந்துவிட்டது. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார்கள். தபாலை மட்டும் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினார்கள்.

அடுத்தது மேடம் ஒரு தடித்த புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்திருந்தார். நிமிர்ந்து, "என்ன, அதுவும் முடிஞ்சுதா?" என்றார். கேட்ட விதத்தில் ஒரு நடுக்கம் இருந்தது.

"இல்ல மேடம். எதுவுமே முடியல."

"என்னது?"

"மூணாவது தாளுக்கு மேல யாருக்குமே முடியல. முடிஞ்சுதுன்னு அவங்க சொன்னது, நாங்க ஒழிஞ்சோம்ங்கற அர்த்தத்துல மேடம். நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு உங்ககிட்ட வந்து சொல்லிட்டேன். அவங்க நீங்க இரக்கமே இல்லாதவங்கன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. திமிர் இல்ல மேடம் அது. பயம். கோவமும் கொஞ்சம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். அதைப் புடவைத் தலைப்பில் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"மூணாவதுக்கு மேல ஒருத்தருக்குமே வரலையா?"

"வரல மேடம்."

"ரொம்ப சந்தோஷம்" என்றார் மேடம்.

தபால் நிமிர்ந்து பார்த்தாள். மேடம் நாற்காலியில் சாய்ந்து, மார்பில் கை வைத்துக்கொண்டு, பெரிய மூச்சாக ஒன்று விட்டார்.

"போன வாரத்துக்கு முந்தின வாரம் குடுத்தேனே, அதுல கடைசிக் கணக்கு எனக்கே வரலம்மா. எங்கேயோ பழைய புத்தகத்துல இருந்து எடுத்தது. பசங்க எல்லாம் முடிச்சுட்டாங்களே, நமக்கு வரலையேன்னு போட்டுப் போட்டுப் பாக்கறேன். சரி, எவனையாவது கூப்பிட்டு நைஸா கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்னு பாத்தா, எவனும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கறான். வெக்கத்தை விட்டு எப்படிக் கேக்கறது? எனக்கு மூளை மழுங்கிப் போச்சுன்னே நெனச்சுட்டேன்." சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "இதை வெளியில சொல்லிடாதே."

"அவங்க எல்லாரும் வாசல்லதான் நிக்கறாங்க மேடம்."

வெளியே யாரோ களுக்கென்று சிரித்து, யாரோ அவன் வாயைப் பொத்துகிற சத்தம் கேட்டது.

"உள்ள வாங்க எல்லாரும்!" என்று அதட்டினார் மேடம். ஆனால் அந்த அதட்டலில் பாதி சிரிப்பு.

அறை கொள்ளவில்லை. கோப்புகளுக்கும் அலமாரிக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். தூங்குமூஞ்சி ரொம்ப நாளைக்குப் பிறகு கை கூப்பி, "வணக்கம் மேடம்" என்றான். "இப்பவாச்சும் சொன்னியே" என்றார் மேடம்.

பிறகு கறாரான குரலுக்கு வந்தார். "இங்க பாருங்க. கஷ்டமான பாடம்தான் இது. கஷ்டமாத்தான் இருக்கும். நான் அதைக் கொறைக்கப் போறதில்ல. நாளைக்கு நீங்க கட்டற கூரைக்குக் கீழ நாலு பேர் நிம்மதியா உக்காரணும். ஆனா மூணாவதுக்கு மேல குடுத்ததை எல்லாம் மூட்டை கட்டி வெச்சுடுங்க. மூணாவதையே மறுபடி ஒழுங்கா போடலாம். இனிமே முடிஞ்சுதா, முடியலையான்னு எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். கணக்கு எங்க நின்னு போச்சோ, அந்த எடத்துல குறுக்க ஒரு கோடு போட்டுக் கொண்டாங்க. கோட்டுல இருந்து நான் ஆரம்பிக்கறேன். கோடே இல்லாம எவனாவது வந்தான்னா அவன் பொய் சொல்றான்னு அர்த்தம்."

"மேடம், தாள் மொத்தத்துக்கும் மேல கோடு போட்டா?" என்றான் தூங்குமூஞ்சி.

"அதுல இருந்தே ஆரம்பிப்பேன். உன்னை எழுப்பி உக்கார வெச்சு."

எல்லோரும் கலைந்தார்கள். வராந்தாவில் அவர்கள் போன சத்தம் விடுமுறை விட்ட பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது. தபாலும் திரும்பினாள்.

"நில்லு" என்றார் மேடம். "அலுவலகத்துல இருந்து காலையில பேசினாங்க. துறை மாத்தறதைப் பத்தி நேத்து நீ விசாரிச்சயாமே. அது என்ன ஆச்சு?"

"அது முடிஞ்சுது மேடம்."

"எந்த முடிஞ்சுது?"

"நல்ல முடிஞ்சுது மேடம். போகல."

திரும்பி வரும்போது பேருந்தில் உட்கார இடமில்லை. மேம்பாலம் நெருங்கியதும் தபால் குனிந்து, இரண்டு பேருடைய முழங்கைகளுக்கு நடுவே கழுத்தை நீட்டி, அதன் அடிவயிற்றைப் பார்த்தாள். மேலே கனமாக ஏதோ போனது. பாலம் லேசாக அதிர்ந்து, பழையபடி நின்றது.

சாயங்காலம் மூன்றாவது தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்த அறையில் அத்தான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"ஏய், முடிஞ்சுதா?"

தபால் தாளைப் பார்த்தாள். உத்தரத்தின் நடுவில் சுமையை ஏற்றியாகிவிட்டது. வளைவுவரை வந்துவிட்டாள். அதற்கு மேல் ஒன்றும் பிடிபடவில்லை. அளவுகோலை வைத்து, அந்த இடத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.

"இல்லக்கா" என்று கத்தினாள். அப்படிச் சொல்லி எத்தனையோ நாளாயிற்று. "பாதியில நிக்குது. சாப்பாடு போடு, பசிக்குது!"